துயர் பகிர்வும் குழுச் சிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

இறப்பும் இழப்பும் மனித சமூகம் தோன்றிய நாள் முதலாக அதனோடு கூடவே வந்துள்ளன. அவற்றை எதிர்கொள்வதற்கு ஒவ்வொரு சமூகமும் தனக்கெனச் சில வழிமுறைகளை வகுத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்து இழவு வீட்டில் அடுப்பு மூட்டப்படுவதில்லை. அயலவரும் உறவினருமே சமைத்துக் கொண்டுவருவர். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றியபடி அமர்ந்து ஒப்பாரி சொல்லி அழுவர். துக்கம் விசாரிப்போர் நாள்தோறும் வந்து செல்வர். எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என உற்றார் மீண்டும் மீண்டும் ஒன்றுகூடுவர். இவற்றை வெறும் சடங்குகள் என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், துயருற்றவரைத் தனித்திருக்க விடலாகாது என்னும் நோக்கம் இவையனைத்தின் ஊடாகவும் ஓடுவதைக் கூர்ந்து நோக்குவோர் காண்பர்.

மேனாட்டு மருத்துவம் இவ்வுண்மையை இருபதாம் நூற்றாண்டிலேயே, அதுவும் மிகுந்த தயக்கத்தின் பின்னரே, கண்டடைந்தது. மனவடு, இழவிரக்கம், இழப்பு ஆகியவற்றால் துன்புறுவோரை ஒரு குழுவாக அமரச் செய்து, அவர்கள் தம்முள் உரையாடுவதன் மூலம் ஆறுதலடைய உதவும் குழுச் சிகிச்சை, இன்று மருத்துவச் சமூகப் பணியின் முக்கிய முறைகளுள் ஒன்றாக விளங்குகின்றது. அதன் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராயுமிடத்து, அது உளவியற் கோட்பாடுகளிலிருந்து மாத்திரம் பிறக்கவில்லை என்பது புலனாகும். வறுமை, போர், விபத்து, வைத்தியர் பற்றாக்குறை ஆகியன அதனைத் தோற்றுவித்தன. துயருற்றோரும் அவர்களுக்கு அருகே நின்ற சமூகப் பணியாளரும் அதனை உருவாக்கினர். துயருற்றவரின் சொல்லைக் கேட்பவர் யார், கேட்டவர் அதனை நம்பினாரா என்னும் இரு வினாக்களை அடிப்படையாகக் கொண்டு அவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொஸ்ரன் நகரின் சயரோக வகுப்பு

1905 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், யோசப் பிராற் என்னும் வைத்தியர் புதுமையானதொரு முயற்சியைத் தொடக்கினார். அக்காலத்தில் சயரோகத்தைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இருக்கவில்லை. ஓய்வு, தூய காற்று, ஊட்டமான உணவு என்பனவே சிகிச்சையாகக் கொள்ளப்பட்டன. வசதி படைத்தோர் இவற்றை நாடிச் சுகவாச நிலையங்களுக்குச் சென்றனர். நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவர்களை வீட்டில் வைத்தே பராமரிக்க விரும்பிய பிராற், இருபத்தைந்து பேருக்கு மேற்படாத ‘வகுப்பு’ ஒன்றினை அமைத்தார். இம்மானுவேல் தேவாலயம் அதற்குப் பொருளுதவி நல்கியது. ஒவ்வொரு நோயாளரும் தமது உடல் வெப்பநிலை, உணவு, ஓய்வு நேரம் ஆகியவற்றை நாள்தோறும் குறிப்பேட்டிற் பதிந்து, வாராந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவருதல் வேண்டும். இடைப்பட்ட நாட்களில் அவர்களை வீடு தேடிச் சென்று பார்த்துவரப் பணியாளர் ஒருவரும் நியமிக்கப்பட்டிருந்தார்.

பிராற்றின் நோக்கம் உளச் சிகிச்சையன்று. ஒரே அறிவுரையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கூறுவதற்கு நேரம் போதாமையே அவரை இம்முறைக்கு இட்டுச்சென்றது. ஆயின், எதிர்பாராத விளைவொன்றை அவர் அக்கூட்டங்களிற் கண்டார். இனத்தாலும் மதத்தாலும் வேறுபட்டோர் ஒரே நோயின் காரணமாக உறவினர் போலாயினர். உடல் எடை கூடிய ஒருவரைக் கண்ட பிறர், தமக்கும் விமோசனம் உண்டென நம்பினர். வைத்தியரின் ஆறுதல் மொழியால் இயலாததைச் சக நோயாளரின் இருப்பே செய்தது.

இதே ஆண்டில், இதே நகரின் மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில், றிச்சட் கபொட் என்னும் வைத்தியர் வெளிநோயாளர் பிரிவில் சமூகப் பணியாளர் ஒருவரைப் பணிக்கமர்த்தினார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. நோயாளரின் வீடு, தொழில், குடும்பம் ஆகியவற்றை அறியாது நோயை அறிதல் இயலாது என்பது அவரது கருத்து. குழு முறையும் மருத்துவச் சமூகப் பணியும் ஒரே சூழலில், ஏறத்தாழ ஒரே வேளையிற் பிறந்தன. நோயாளர் ஒரு சமூகத்தின் உறுப்பினர் என்னும் எண்ணமே இரண்டுக்கும் அடிப்படையாக அமைந்தது.

1942 ஆம் ஆண்டின் பனிக்காலம்

முதலாம் உலகப் போரின்போது, உடலிற் காயமெதுவும் இன்றியே நடுக்கமும் ஊமைத்தன்மையும் உற்ற போர்வீரர் ஆயிரக்கணக்கில் வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களது நிலைமை எறிகணை அதிர்ச்சி எனப் பெயர்பெற்றது. அவர்களுட் பலர் கோழைகளெனப் பழிக்கப்பட்டனர். போர் முடிந்ததும் அவர்கள் பற்றிய அக்கறையும் மங்கிற்று. அவ்வினாக்கள் மீண்டும் எழுவதற்கு இரண்டாம் உலகப் போர் வரவேண்டியிருந்தது.

1942 ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் இரு கரைகளிலும் நிகழ்ந்த இரு சம்பவங்கள் இவ்வரலாற்றில் முக்கியத்துவம் பெறுகின்றன. முதலாவது, அவ்வாண்டு நவம்பர் 28 ஆம் திகதி பொஸ்ரனிலிருந்த கொக்கோநட் குறோவ் என்னும் இரவு விடுதியில் ஏற்பட்ட தீ விபத்தாகும். அதில் 492 பேர் உயிரிழந்தனர். மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையைச் சேர்ந்த உளமருத்துவர் எரிக் லிண்டமன், இவ்விபத்தில் உற்றாரை இழந்தோரையும் வேறு வகைகளில் இழப்பைச் சந்தித்தோரையும் சேர்த்து 101 பேரை ஆராய்ந்து, 1944 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையை வெளியிட்டார். அலை அலையாக வந்து உடலை வருத்தும் வேதனை, ஓயாத பெருமூச்சு, இறந்தவரின் உருவம் மனத்தை விட்டகலாமை, தம்மாலேயே அவர் இறந்தார் என்னும் குற்றவுணர்வு, காரணமற்ற சினம், அன்றாட ஒழுங்கு குலைதல் என்பன துயரின் அடையாளங்கள் என அவர் எடுத்துக்காட்டினார். துயருறுதல் என்பது ஒருவர் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை என்பதும், அதனைத் தவிர்ப்போர் பின்னொரு காலத்தில் அதனை வேறுருவில் எதிர்கொள்ள நேரும் என்பதும் அவர் கண்ட முடிபுகளாம்.

லிண்டமன் மேற்கொண்டது குழுச் சிகிச்சையன்று. அவர் துயருற்றோரைத் தனித்தனியே சந்தித்தார். எனினும், துயருற்றோர் அனைவரையும் உளமருத்துவர் சந்தித்தல் இயலாது என்பதையும், மதகுருமாரும் சமூகப் பணியாளரும் இப்பணியிற் பங்குகொள்ளல் வேண்டும் என்பதையும் அவரது ஆய்வு உணர்த்திற்று. 1948 ஆம் ஆண்டில் வெலஸ்லி நகரில் அவர் நிறுவிய மனித உறவுகள் சேவை நிலையம், வைத்தியசாலைச் சுவர்களுக்கு வெளியே இப்பணியைக் கொண்டுசென்றது.

இரண்டாவது சம்பவம் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. பேர்மிங்ஹாம் நகருக்கு அண்மையில் நோர்த்பீல்ட் என்னுமிடத்திலிருந்த வைத்தியசாலை, 1942 இல் இராணுவ உளமருத்துவ நிலையமாக மாற்றப்பட்டிருந்தது. அங்கு பயிற்சிப் பிரிவின் பொறுப்பை ஏற்ற வில்பிரட் பியோன், முதலாம் உலகப் போரில் தாங்கிப் படையிற் பணியாற்றி வீரப் பதக்கம் பெற்றவர். அவரும் யோன் றிக்மன் என்பாரும் இணைந்து ஒரு பரிசோதனையை நடத்தினர். ஒவ்வொரு வீரரும் ஏதேனும் ஒரு செயற்குழுவிற் சேர்தல் வேண்டும். விரும்பினால் புதிய குழுவைத் தொடங்கலாம். நாள்தோறும் நண்பகலில் யாவரும் கூடித் தமது பிரிவின் நிலைமையைத் தாமே ஆராய்தல் வேண்டும். பிரிவு அசுத்தமாக உள்ளது, சிலர் வேலை செய்வதில்லை என முறைப்பாடுகள் வந்தபோது, பியோன் தண்டனை வழங்க முன்வரவில்லை. அப்பிரச்சினையை வீரர்களிடமே ஒப்படைத்தார். தமது பொது எதிரி தம்முள் இருக்கும் நோயே என அவர்கள் உணர்தல் வேண்டும் என அவர் கருதினார்.

இப்பரிசோதனை ஆறு வாரங்களில் அதிகாரிகளால் நிறுத்தப்பட்டது. கட்டளைக்குப் பணிதலையே ஒழுங்கெனக் கொண்ட இராணுவத்துக்கு அது ஒவ்வாததாயிற்று. ஆயினும் அதன் பாடங்கள் அழிந்துபோகவில்லை. யேர்மனியிலிருந்து அகதியாக வந்த யூத உளமருத்துவர் ஃபூக்ஸ், ஹரல்ட் பிறிட்ஜர், ரொம் மெயின் ஆகியோர் அதே வைத்தியசாலையில் இரண்டாவது முயற்சியை மேற்கொண்டு, அதனை நீடித்து நடத்தினர். வைத்தியசாலை முழுவதையும் குணமளிக்கும் சமுதாயமாகக் கருதும் எண்ணத்தை மெயின் 1946 இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். வைத்தியர் ஒருவரே குணமளிப்பவர், நோயாளர் அதனைப் பெறுபவர் என்னும் மரபுவழி எண்ணம் இங்கு முதன்முதலாக ஆட்டங்கண்டது எனலாம்.

விதவையர் கண்ட வழி

போர்க்காலத்திற் குழு முறை வீரர்களை மீண்டும் கடமைக்கு அனுப்பும் நோக்குடன் பயன்பட்டது. சமாதான காலத்து வீடுகளிலே துயருற்றிருந்த பெண்களை அது உடனடியாகச் சென்றடையவில்லை. பிரித்தானியாவில் 1959 ஆம் ஆண்டில் மார்கிறெற் ரொறி என்னும் அம்மையார் விதவையருக்கென ‘குறூஸ்’ என்னும் அமைப்பை நிறுவினார். கொவன்றி நகரில் 1968 இல் ஒரே வைத்தியசாலையில் தத்தம் பிள்ளைகளை இழந்த இரு குடும்பத்துப் பெற்றோர் ஒருவருக்கொருவர் ஆறுதலாயினர். தம்மால் வழங்க இயலாத ஆறுதலை அவர்கள் தம்முட் பெற்றதைக் கண்ட இளம் மதகுரு சைமன் ஸ்ரீபன்ஸ் மேற்கொண்ட முயற்சியால், 1969 இல் பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கான அமைப்பொன்று உருவாயிற்று.

இத்துறையிற் சமூகப் பணியாளரின் பங்களிப்பை எடுத்துக்காட்டுவதற்குப் பிலிஸ் சில்வர்மனின் பணி மிகப் பொருத்தமானது. சமூகப் பணியிற் பயிற்சி பெற்ற இவர், ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியின் சமுதாய உளமருத்துவ ஆய்வுப் பிரிவில் இணைந்து, கணவனை இழந்த பெண்களுக்கு உண்மையில் உதவியவர் யாவர் என ஆராயத் தலைப்பட்டார். மற்றொரு விதவையே தம் நிலையை நன்கு புரிந்துகொண்டார் என அப்பெண்கள் கூறினர். அதன் பயனாக 1967 ஆம் ஆண்டில் பொஸ்ரனின் டோர்செஸ்ரர் பகுதியில் ‘விதவைக்கு விதவை’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. அதே பகுதியில் வாழ்ந்த, முன்னரே கணவனை இழந்த பெண்கள், புதிதாக விதவையானோருக்குக் கடிதம் எழுதி, பின்னர் வீடு தேடிச் சென்றனர். உதவி கேட்டு வரும் வரை காத்திராது, தாமாகவே கதவைத் தட்டினர். தனியே சந்தித்தோர் பின்னர் குழுக்களாகவும் கூடினர்.

இறந்தவரிடமிருந்து மனத்தை விடுவித்தலே துயரின் முடிவு என அக்காலத்து உளவியல் வற்புறுத்தி வந்தது. இக்கருத்து 1917 இல் வெளிவந்த பிராய்டின் கட்டுரையொன்றின் வழி வந்ததாகும். துயருற்றோரின் வாக்கைப் பல்லாண்டுகள் செவிமடுத்த சில்வர்மன் அதனை ஏற்கவில்லை. 1996 ஆம் ஆண்டில் அவரும் வேறிருவரும் இணைந்து பதிப்பித்த நூல், இறந்தவருடனான பிணைப்பு அறுந்துபோவதில்லை என்பதையும், அது உருமாறித் தொடர்தல் நோயன்று என்பதையும் நிறுவ முயன்றது. ஆண்டுதோறும் திவசம் கொடுக்கும் சமூகத்தவருக்கு இது புதுமையாகத் தோன்றாது. மேனாட்டு உளவியலுக்கோ அது பெரியதொரு திருப்பமாக அமைந்தது.

நம்பிய ஒருவர்

கேட்பதும் நம்புவதும் வெவ்வேறு என்பதை வியற்நாம் போர் உலகுக்கு உணர்த்திற்று. 1969 ஆம் ஆண்டில் பொஸ்ரனிலிருந்த முன்னாட் படைவீரர் வைத்தியசாலையிற் சாரா ஹேலி என்னும் இளம் சமூகப் பணியாளர் கடமையேற்றார். அவர் முதல் நாளிற் சந்தித்த நோயாளர், தமது படைப்பிரிவினர் மை லாய் என்னும் கிராமத்திற் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றனர் எனவும், தாம் சுடவில்லை எனவும், அதனால் தம்மைக் கொல்லச் சகவீரர் வருவர் என அஞ்சுவதாகவும் கூறினார். அன்று கூடிய வைத்தியசாலை ஆளணியினர், அது சித்தப்பிரமையின் விளைவு என முடிவு செய்தனர். அவர் கூறுவது உண்மையாயிருக்கலாம் என ஹேலி வாதிட்டபோது எவரும் செவிசாய்க்கவில்லை. இரண்டாம் உலகப் போரிற் பங்குகொண்ட தம் தந்தையாரிடமிருந்து போரின் கொடுமைகளைக் கேட்டு வளர்ந்தவராதலின், அத்தகைய செயல்கள் நிகழக்கூடியவை என அவர் அறிந்திருந்தார். 1968 மார்ச் 16 ஆம் திகதி நடைபெற்ற மை லாய் படுகொலை பற்றிய செய்தி, 1969 நவம்பர் மாதத்திலேயே பத்திரிகைகளில் வெளியாயிற்று.

இச்சம்பவத்தின் உட்பொருள் ஆழமானது. ஒருவரின் மெய்யான அனுபவம் பிரமை எனப் பெயரிடப்படுமாயின், அவருக்கு வழங்கப்படும் சிகிச்சை அவரது வாயை மீண்டும் அடைப்பதாகவே முடியும். அக்காலத்து அமெரிக்க உளமருத்துவ நோய் வகைப்பாட்டு நூலின் இரண்டாம் பதிப்பிலே, போர் போன்ற கடும் நெருக்கீட்டினால் விளையும் பாதிப்புக்குத் தனியான இடம் இருக்கவில்லை. 1952 ஆம் ஆண்டின் முதற் பதிப்பில் இடம்பெற்றிருந்த வகையும் 1968 இல் நீக்கப்பட்டுவிட்டது. பெயரற்ற நோய்க்குச் சிகிச்சை வழங்குவார் யார்?

படைவீரரே அதற்கு விடை கண்டனர். போருக்கு எதிரான வியற்நாம் படைவீரர் அமைப்பினர், 1970 டிசெம்பரில் நியூயோர்க் நகரிலிருந்த தமது அலுவலகத்தில் உரையாடற் குழுக்களைத் தொடங்கினர். அரசாங்க வைத்தியசாலையின் மீது நம்பிக்கையிழந்த அவர்கள், தமக்குரிய இடத்தில், தாமே வகுத்த விதிகளின்படி கூடினர். உளமருத்துவர்களான றொபேட் ஜே லிப்ரன், ஹைம் ஷற்றன் ஆகியோர் அழைப்பின் பேரில் அங்கு சென்றனர். அவர்களும் தம் உணர்வுகளை மறையாது பேசுதல் வேண்டும் என வீரர்கள் எதிர்பார்த்தனர். போர்க்களத்தில் நண்பன் இறந்தபோது அழுவதற்கு அவகாசமோ அனுமதியோ இல்லாதிருந்தமையால், அத்துயர் உள்ளே இறுகிப் பின்னர் சினமாகவும் உணர்வின்மையாகவும் வெளிப்பட்டதை ஷற்றன் அவதானித்தார்.

கொடுஞ்செயல்களை நோயாளர் எடுத்துரைக்கும்போது சிகிச்சையாளர் அவற்றை எவ்வாறு செவிமடுத்தல் வேண்டும் என்பதை ஹேலி 1974 இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். கேட்பவர் தமது அருவருப்பையும் அச்சத்தையும் எதிர்கொள்ளாதவிடத்து, நோயாளர் பேசுவதை நிறுத்திவிடுவர் என்பது அவரது அனுபவம். லிப்ரன், ஷற்றன், ஹேலி முதலியோரின் இடையறாத முயற்சியும் வீரர்களின் போராட்டமும் 1980 ஆம் ஆண்டிற் பலனளித்தன. அவ்வாண்டு வெளியான வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பில், நெருக்கீட்டின் பின்னான மனவடு நோய் இடம்பெற்றது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, படைவீரருக்கான ஆலோசனை நிலையங்களை வைத்தியசாலைக்கு வெளியே அமைப்பதற்கு அமெரிக்கப் பாராளுமன்றம் சட்டமியற்றியிருந்தது.

மனவடு பற்றிய ஆய்வு சமூக இயக்கமொன்றின் ஆதரவின்றி நிலைபெறுவதில்லை என யூடித் ஹேர்மன் 1992 இல் வெளியிட்ட தமது நூலில் வாதிட்டார். போர் எதிர்ப்பு இயக்கம் படைவீரரின் துயரையும், பெண்கள் இயக்கம் வன்முறைக்குள்ளான பெண்களின் துயரையும் வெளிக்கொணர்ந்தமையை அவர் சான்றாகக் காட்டினார்.

குழுவின் இயங்குமுறையும் அதன் எல்லைகளும்

குழு எவ்வாறு ஆறுதலளிக்கின்றது என்பது அடுத்து நோக்கற்பாலது. 1970 இல் முதற்பதிப்பாக வெளிவந்த ஏவின் யாலொமின் நூல் இதனை விரிவாக ஆராய்கின்றது. தனக்கு மட்டுமே இவ்வாறு நேர்ந்தது என்னும் எண்ணம் குழுவில் முதலாவதாகக் கரைகின்றது. முன்னேறிய ஒருவரைக் காணும்போது நம்பிக்கை பிறக்கின்றது. பிறருக்கு உதவும்போது, தான் எவருக்கும் பயனற்றவர் என்னும் உணர்வு நீங்குகின்றது. பொதுவாக ஆறு முதல் பத்துப் பேர் வரை கொண்ட சிகிச்சைக் குழு, வாரம் ஒருமுறை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கூடும். கேட்டவற்றை வெளியே கூறலாகாது. எவரையும் பேசுமாறு வற்புறுத்தலாகாது. ஒருவர் துயரை மற்றொருவர் துயரோடு ஒப்பிட்டு எடைபோடலாகாது. எளிமையாகத் தோன்றும் இவ்விதிகளைக் காத்தலே குழுவை வழிநடத்தும் சமூகப் பணியாளரின் முதன்மையான கடமையாகும்.

குழு முறை எக்காலத்தும் எவர்க்கும் ஏற்றதன்று என்பதும் வலியுறுத்தப்படல் வேண்டும். ஹேர்மன் குணமடைதலை மூன்று படிகளாக வகுத்தார். பாதுகாப்பைப் பெறுதல், நினைவுகூர்ந்து துயருறுதல், வாழ்வோடு மீண்டும் இணைதல் என்பன அவை. முதற்படியில் நிற்பவரை இரண்டாம் படிக்குரிய குழுவில் அமர்த்துதல் காயத்தைக் கிளறுவதாகவே முடியும். அனர்த்தம் நிகழ்ந்த உடனேயே ஒரே அமர்வில் யாவற்றையும் பேசச் செய்யும் முறை 1980களிற் பரவலாயிற்று. ஆயின், தனியாளர்களுக்கு ஒரே அமர்வில் அளிக்கப்படும் இத்தகைய உதவி மனவடு நோயைத் தடுப்பதில்லை என்பதையும், சிலருக்கு அது தீங்கும் விளைவிக்கலாம் என்பதையும் 2002 ஆம் ஆண்டில் வெளியான தொகுப்பாய்வு காட்டிற்று. பேசுவதனால் மட்டும் துயர் ஆறிவிடாது. பேசுவதற்குரிய வேளையும் பாதுகாப்பும், கேட்போர் மறுநாளும் அங்கிருப்பர் என்னும் உறுதியும் அதற்கு வேண்டும்.

தேர்ச்சி பெற்ற மருத்துவர் அருகியுள்ள நாடுகளில் இம்முறை பயன்படுமா என்னும் வினாவுக்கு உகண்டா விடையளித்தது. எயிட்ஸ் நோயாற் பெரும் இழப்பைச் சந்தித்த மசாக்கா, றக்காய் மாவட்டங்களின் 30 கிராமங்களில் நடைபெற்ற ஆய்வொன்று 2003 இல் வெளியாயிற்று. குறுகிய காலப் பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகளே குழுக்களை வழிநடத்தினர். 16 வாரங்களின் முடிவில், குழுக்களிற் பங்குபற்றியோரின் மனச்சோர்வு பெரிதும் குறைந்திருந்தது. பொஸ்ரனில் 1905 இல் ஏழைகளுக்கெனத் தொடங்கிய முயற்சி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர் ஆபிரிக்கக் கிராமங்களில் தன் பயனை மெய்ப்பித்தது எனலாம்.

இலங்கைத் தமிழர் அனுபவம்

இவ்வரலாறு இலங்கைத் தமிழருக்கு அந்நியமானதன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி நேர்ந்த ஆழிப்பேரலையும் வடக்கு கிழக்கில் இழப்பைச் சந்திக்காத குடும்பங்களை அரிதாக்கின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், 1998 இல் வெளியிட்ட நூலிலும் 2007 இல் வெளியிட்ட ஆய்விலும், பாதிப்புத் தனியாளரோடு நின்றுவிடுவதில்லை என்பதை எடுத்துக்காட்டினார். குடும்பம், அயல், கிராமம் ஆகிய பிணைப்புகளே சிதைந்து, நம்பிக்கையின்மையும் மௌனமும் சமூகத்தின் இயல்பாகிவிடும் நிலையை அவர் கூட்டு மனவடு என விளக்கினார். இடம்பெயர்ந்த இடத்தில் அயலவர் இல்லை. உடல் கிடைக்காதவிடத்து ஈமக்கடன் இல்லை. அழுவதே ஆபத்தான வேளைகளில் ஒப்பாரியும் இல்லை. துயரை ஆற்றுவதற்குச் சமூகம் வகுத்திருந்த வழிகளே துயர் மிகுந்த காலத்தில் அடைபட்டுப்போயின.

அவ்வேளையிலும் சமூகம் முற்றாகச் செயலிழக்கவில்லை. 1990களில் மட்டக்களப்புப் பிரதேசத்தில் ஆய்வு மேற்கொண்ட மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், அம்மன் கோயில்களிலே தெய்வமாடி வாக்குச் சொல்வோரிடம், காணாமற்போனோரின் தாய்மாரும் மனைவியரும் திரண்டு வந்தமையைப் பதிவுசெய்துள்ளார். வேறெங்கும் உரைக்க முடியாததை அவர்கள் கோயில் முன்றலில் உரைத்தனர். சூழ நின்றோர் சாட்சிகளாயினர். உளவளத்துணையாளர் எனப் பெயர்பெற்ற எவரும் அங்கிருக்கவில்லை.

காணாமற்போனோரின் குடும்பத்தினர் நிலை இத்துறைக்கு மிகக் கடினமானதொரு வினாவை விடுக்கின்றது. உறவினர் இறந்தாரா உயிரோடுள்ளாரா எனத் தெரியாத நிலையைப் போலின் பொஸ் என்னும் அமெரிக்க அறிஞர் தெளிவற்ற இழப்பு என அழைத்தார். 2001 செப்டெம்பர் 11 ஆம் திகதி நியூயோர்க் கோபுரங்களிற் காணாமற்போன தொழிலாளரின் குடும்பங்களை, அவர்களது தொழிற்சங்கத்தின் ஆதரவோடு பல குடும்பங்கள் சேர்ந்த குழுக்களாக அவர் சந்தித்தார். துயரை முடித்துவிடுமாறு அவர்களை வற்புறுத்தலாகாது என்பதும், விடையின்மையோடு வாழும் வலிமையை ஒருவரிடமிருந்து ஒருவர் பெறுதலே இயலக்கூடியது என்பதும் அவரது நிலைப்பாடு. இலங்கையிற் சர்வதேச செஞ்சிலுவைக் குழு 2016 இல் வெளியிட்ட அறிக்கையும், காணாமற்போனோரின் குடும்பங்களின் முதன்மைத் தேவை உண்மையை அறிதலே எனக் காட்டிற்று. அவ்வாண்டிலேயே காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் நிறைவேறிற்று. 2017 பெப்ரவரி மாதத்திற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தெருவோரக் கொட்டில்களில் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினர்.

அக்கொட்டில்கள் சிகிச்சை நிலையங்களல்ல. அங்கு அமர்ந்தோர் நோயாளருமல்லர். தமது பிள்ளைகள் எங்கே என்பதே அவர்கள் கேட்ட வினா. குழுவாக அமர்ந்திருந்தமை அவர்களுக்கு ஆறுதல் அளித்திருக்கலாம். ஆயின், அவர்களது வினாவை வெறும் உளநலப் பிரச்சினையாகக் கருதி ஆற்றுப்படுத்த முனைவோர், 1969 இல் பொஸ்ரன் வைத்தியசாலையினர் இழைத்த தவற்றையே வேறு வடிவில் மீண்டும் இழைப்பவராவர். உண்மை கோருவோருக்கு உண்மையே முதல் மருந்து. குழு அதற்கு ஈடாகாது. அது கிடைக்கும் வரை நிலைகுலையாது நிற்பதற்குத் துணையாகலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, குழுச் சிகிச்சையின் வளர்ச்சியிற் கேட்போரின் வட்டம் படிப்படியாக விரிந்து வந்தமை புலனாகும். பிராற்றின் வகுப்பில் வைத்தியரோடு சக நோயாளரும் கேட்போராயினர். நோர்த்பீல்டிற் பொறுப்பும் அவர்களிடம் கையளிக்கப்பட்டது. டோர்செஸ்ரரின் விதவையர் வைத்தியரின்றியே ஒருவரையொருவர் தேடிச் சென்றனர். வியற்நாமிலிருந்து மீண்ட வீரர்கள் வைத்தியரையே தமது வட்டத்தினுள் அழைத்தனர். அவ்வட்டம் முழுச் சமூகமாக விரிதல் வேண்டும் என்பதை இலங்கையின் அனுபவம் உணர்த்துகின்றது.

சமூகப் பணியைத் தொழிலாகக் கொள்ள விழையும் இளந்தலைமுறையினருக்கு இவ்வரலாறு ஒரு படிப்பினையை விட்டுச்செல்கின்றது. குழுவை வழிநடத்தும் நுட்பங்களைப் பயிற்சியாற் கற்றுக்கொள்ளலாம். தம் முன் அமர்ந்திருப்பவர் கூறும் கொடிய செய்தியை நம்புவதற்கான துணிவைச் சாரா ஹேலி தந்தையின் வாய்மொழிகளிலிருந்து பெற்றார். வடக்கிலும் கிழக்கிலும் அத்தகைய வாய்மொழிகளைக் கேட்டு வளர்ந்தோர் பலருளர். அவர்கள் கேட்டுப் பெற்ற அவ்வறிவு, இழவு வீட்டில் வட்டமாக அமர்ந்த மூதாட்டியர் அறிந்திருந்ததனோடும் நவீன சமூகப் பணியின் பயிற்சியோடும் இணையுமாயின், துயருற்றோர் தம் சொல்லைக் கேட்பாரின்றி வாழும் நிலை ஓரளவேனும் மாறும்.